பெடல்ல உயிரில்லை

பஸ் ஓட்டுகிறவர்களில் இரண்டே ரகம்தான் என்பாள் மடிப்பு அக்கா. மூட்டை ஏற்றுகிறவன் ஒரு ரகம், மனுஷரை ஏற்றுகிறவன் இன்னொரு ரகம். முதல் ரகத்தானிடம் மாட்டினால், எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். இரண்டாம் ரகத்தானிடம் ஒரே ஒரு ஆபத்துதான். தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவோம்.

"உன் வீட்டுக்காரர் ரெண்டாவது ரகம். ஏறினதும் நம்பிக் கண்ணை மூடிடலாம்" என்று முடிப்பாள்.

இதைச் சொல்லும்போதும் அவள் கை ஓயாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், இஸ்திரி மேஜையிலிருந்து சூடு ஆறாமல் வந்து விழும் படுக்கை விரிப்புகளை நுனியோடு நுனி சேர்த்து மடித்து அடுக்குவது அவள் வேலை. இஸ்திரி போடுவது, எதிரே நின்று இதைக் கேட்கிற இவள் வேலை. இருவரும் வருஷக்கணக்காக ஒரே மேஜையின் இரண்டு பக்கம் நின்று, ஒரே ஆவியை மூச்சில் இழுத்து, ஒரே டப்பாவில் சோறு பகிர்ந்தவர்கள். ஒருத்தி பேசினால் இன்னொருத்தி உம் கொட்டுவாள்.

இவளுடைய கணவருக்கு டெப்போவில் வைத்திருந்த பெயர் தாலாட்டு. கேலியாக ஆரம்பித்து மரியாதையாக முடிந்த பெயர் அது. அவர் வண்டியை நிறுத்துவதே தெரியாது. நிறுத்தம் கண்ணில் படும்போதே வேகத்தைக் குறைத்து, பழுத்த பழத்தை அழுத்திப் பார்க்கிறவர் மாதிரி பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார். கடைசியில், வண்டி நிற்பதற்கு ஒரு மூச்சு முன்னால், காலைக் கொஞ்சம் தளர்த்துவார். அங்கேதான் எல்லாம் இருக்கிறது. அந்தத் தளர்த்தல் இல்லாவிட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரு தடவை முன்னால் போய்ப் பின்னால் வருவார்கள்.

"எல்லாரும் பிரேக்கை அழுத்தத்தான் கத்துக்கிறாங்க. விடறதுக்கு ஒருத்தனும் கத்துக்கிறதில்லை" என்பது அவருடைய வாய்ப்பாடு.

இவளே கல்யாணத்துக்கு முன்னால் அந்த வண்டியில் தூங்கியவள்தான். சலவைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் ஜன்னலில் தலை சாய்த்தவள், கடைசி நிறுத்தத்தில் கண் விழித்தாள். வண்டி காலியாக இருந்தது. டிரைவர் மட்டும் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "எழுப்பக் கூடாதா?" என்று கோபமாகக் கேட்டாள். "தூங்கறவங்களை எழுப்பினா நான் ஓட்டினதுக்கு என்னங்க மரியாதை?" என்றார். கல்யாணம் ஆகிப் பல வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிப்பாள். சிரித்தபடியே கொஞ்சம் சிவப்பாள்.

அந்த வருஷம் மழை பிடித்தது பிடித்தபடி விடவே இல்லை. பஸ்ஸின் தரையெல்லாம் சேறும் குடை வடித்த தண்ணீருமாக இருக்கும். அப்படி ஒரு காலையில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பத்தில் முதுகைச் சாய்த்து அவள் நின்றிருந்தாள். மார்க்கெட் நிறுத்தம் வந்தது. வண்டி தூக்கிப்போட்டது.

பெரிதாக ஒன்றுமில்லை. வேறு எந்த பஸ்ஸிலாவது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கை தானாக எழும்பிக் கம்பியைப் பிடித்தது. இந்த வண்டியில் அவள் கம்பியைப் பிடித்ததே கிடையாது. யாருடைய சாப்பாட்டு டப்பாவோ சீட்டுக்கு அடியில் உருண்டது.

"என்ன தாலாட்டு, தொட்டில் கயிறு அறுந்துபோச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வண்டியே சிரித்தது.

அவரும் சிரித்தார். "பெடல்ல உயிரில்லைப்பா. வண்டிக்கும் வயசாகுதுல்ல."

அடுத்த நாள் இரண்டு தடவை. அதற்கடுத்த நாள் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். நடுவில் ஒரு நிறுத்தம் பழையபடி வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். அப்பாடா என்று இருக்கும். அடுத்ததில் தூக்கிப்போடும். கண்ணாடியில் தெரியும் அவர் முகத்தைப் பார்ப்பாள். தொலைவில் யாரோ கூப்பிடுவதைக் கேட்க முயல்கிறவர் மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சமையலறை. ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் ஒதுங்க வேண்டும். அவர் வாசற்படியில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பானையைப் பிடித்திருந்த துணி வழுக்கியது. கொதிக்கிற கஞ்சி தரையில் கொட்டி, அவருடைய வலது கால் விரல்கள் மேல் ஓடியது.

"ஐயோ, காலை எடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் காலை எடுத்தார்.

அவள் பானையைக் கீழே வைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். விரல்கள் சிவந்து தோல் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா?"

"கொஞ்சம்."

"பொய் சொல்லாதீங்க." அவள் குதிகாலில் நகத்தால் அழுத்திக் கீறினாள். "இது?"

கால் அசையவே இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"மரத்த மாதிரி இருக்கும். அப்புறம் சரியாயிடும். மழை ஈரம்தான்."

"மழை ஈரம் எல்லார் காலுக்கும்தான். சர்க்கரை மாத்திரையை வாங்கிட்டு வந்து அலமாரிக்கு ஊட்டினா இப்படித்தான் ஆகும்." அவள் செம்பைத் தரையில் வைத்தாள். "பெடல்ல உயிரில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கீங்களே. உயிரில்லாம போனது பெடலா, காலா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேட்கும்."

"கேட்கட்டும்."

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைத்தான் பார்க்கறாங்க. காலை யாரும் பார்க்கறதில்லை. பார்த்தா, தகுதி இல்லைன்னு எழுதிடுவாங்க. யார்டுல பஸ் கழுவச் சொல்லுவாங்க, இல்லைன்னா வீட்டுக்குப் போன்னுவாங்க. நான் வண்டி கழுவவா? அந்தப் பசங்க முன்னாடியா?" அவர் அவள் கையைப் பிடித்தார். "டாக்டர்கிட்ட வரேன். மாத்திரையும் ஒழுங்கா போடறேன். மழை விடற வரைக்கும் வாயைத் திறக்காதே. உன் தம்பிகிட்டகூட."

அவள் புண்ணுக்கு மருந்து தடவினாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

அவளுடைய தம்பியும் டிரைவர். அதே வண்டிதான். காலை ஷிப்ட் மாமனுடையது, மத்தியான ஷிப்ட் மச்சினனுடையது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பழகியவன் என்பதால் அவனுக்குச் சின்னத் தாலாட்டு என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பழகுகிற காலத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் வெளியே என்பது டெப்போவின் சட்டம்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனது. ஈர விரிப்புகள் மலையாகக் குவிந்தன. மேற்பார்வையாளர் இவளை மட்டும் இருக்கச் சொன்னார். மடிப்பு அக்கா குடையை எடுத்துக்கொண்டு, "நான் சின்னவன் வண்டியில போய்த் தூங்கறேன், நீ கிடந்து வேகு" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இவள் வேறொரு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து வீடு சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் முட்டை பொரிக்கிற வாசனை. அவர் அடுப்படியில் நின்று மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். அவள் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

"வா வா. இன்னைக்கு உனக்கு வேலை இல்லை, உட்காரு. கிரீஸ் கையில என்ன மந்திரம் வச்சிருக்கானோ." கிரீஸ் என்பது டெப்போ மெக்கானிக். "காலையில டீ குடிக்கிற நேரத்துல சொன்னேன், பெடல்ல உயிரே இல்லைடா, என்னன்னு பாருன்னு. 'நல்லாத்தானே இருக்கு, ஏன்யா பாடாப் படுத்தற'ன்னான். விடலையே நான். கடைசியில இறுக்கி விட்டான். இப்ப மிதிச்சா சட்டுன்னு பிடிக்குது. மூணு நடை போனேன், ஒரு ஆள் அசையலை."

அவள் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "தம்பிகிட்ட சொன்னீங்களா?"

அவர் முட்டையைத் திருப்பினார். "அவனுக்கென்ன, கெட்டிக்காரன். ரெண்டு மிதியில புரிஞ்சுக்குவான்."

டெப்போவில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் வண்டியின் அன்றைய குணத்தைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது, மூணாவது கியர் முரண்டு பிடிக்குது, வைப்பர் பாதியில நிக்குது. எழுதுவது கிடையாது, வாய்ச்சொல்தான். கோபத்தில் முகம் பார்க்காத டிரைவர்கள்கூட அதை மட்டும் சொல்லாமல் போக மாட்டார்கள்.

அவள் அதைக் கேட்க வாயெடுத்தபோது கதவு தள்ளித் திறந்தது. தம்பி நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யூனிபார்ம் சட்டையின் முன்புறம் ரத்தக் கறை.

"அக்கா" என்றான். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

துண்டும் டீயும் கொடுத்த பிறகுதான் சொன்னான்.

"பாலத்துக்குக் கீழ ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சு. தூரத்துலேயே பார்த்துட்டேன். எப்பவும் தொடற மாதிரிதான் தொட்டேன் அக்கா. தொட்டதுதான். கடிச்சுப் பிடிச்சுது. நின்னவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர். மடிப்பு அக்கா இறங்கறதுக்காக எழுந்து நின்னிருக்காங்க. படிக்கட்டுக் கம்பியில போய் விழுந்து..." அவன் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டான். "இடுப்புன்னு சொல்றாங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன். வழியெல்லாம் 'மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா'ன்னாங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் கையில் கரண்டி இருந்தது.

"மாமா, ஏறும்போது வண்டி எப்படின்னு கேட்டேன்ல. குழந்தை மாதிரி இருக்குன்னீங்க." தம்பியின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வழி கேட்கிறவன் குரல் அது. "காலையில உங்களுக்கு எப்படி இருந்துச்சு? பிரேக்ல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர்.

அடுப்பில் முட்டை கருகியது. யாரும் போய் அணைக்கவில்லை.

தம்பி போன பிறகு அவள் வெகுநேரம் பாத்திரத்தில் ஒட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார் அவர்.

"இப்ப அவன் கேட்டானே."

"வாய் வரலை."

"வந்துச்சே. நல்லா வந்துச்சே."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "தெரியலைன்னது பொய்யும் இல்லையே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவள் கரண்டியை எறியவில்லை. எறிந்திருந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இனி வண்டியில ஏறினீங்கன்னா, நானே டெப்போ வாசல்ல வந்து நின்னு கத்துவேன்" என்று மட்டும் சொன்னாள். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு அவர் வீட்டிலேயே கிடந்தார்.

ஆனால் நாளை என்ற நாள் வரவே இல்லை. தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வண்டியைச் சோதித்த அதிகாரி, பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். "பிரேக் பிடிக்கலைன்னா வண்டி மேல தப்பு. நல்லாப் பிடிச்சா அது எப்படிய்யா வண்டி மேல தப்பாகும்? உன் கால் மேலதான் தப்பு" என்று கேட்டாராம். கிரீஸ் வாயைத் திறக்கவில்லை. கேட்காததைச் சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. டெப்போ பையன்கள் சின்னத் தாலாட்டு என்ற பெயரை எடுத்துவிட்டுக் குலுக்கி என்று வைத்துவிட்டார்கள். "குலுக்கி வந்துட்டான், கம்பியைப் பிடிங்கடா" என்று கேன்டீனில் சொன்னதை அவனே அக்காவிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"எல்லாரும் மிதிச்சேன்னு சொல்றாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா. பதறி மிதிச்சிருப்பேனோ?"

அவள் சோற்றைப் போட்டு, "சாப்பிடு" என்றாள். அவன் தலையைத் தடவக் கை போனது. தடவ உரிமை இல்லை என்று தோன்றி, கையை இழுத்துக்கொண்டாள்.

மடிப்பு அக்கா பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். இவள் தினமும் வேலை முடிந்ததும் மாடி ஏறி வந்து, தலை வாரி, கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். டெப்போவில் தம்பியை விசாரிக்க இருந்ததற்கு முந்தின நாள் அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றுதான் கூப்பிட்டாள். அவரும் அதற்குத்தான் வந்தார்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. இந்த விரிப்பைப் பாருங்க. எவளோ புதுசா வந்தவ மடிச்சது, மூலையே சேரலை. இதுல என்னைப் படுக்கப் போட்டிருக்காங்க."

அவர் சிரிக்க முயன்றார். "டாக்டர் என்ன சொல்றாரு?"

"உட்காரலாம், தடி வச்சு நடக்கலாம்னு சொல்றாரு. நின்னு வேலை செய்ய முடியாதாம். நிக்காம எப்படி மடிக்கிறது? உட்கார்ந்து மடிக்க நான் என்ன கைக்குட்டையா மடிக்கிறேன்?" அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மழை கண்ணாடியில் கோடு கோடாக இறங்கியது. "சின்னவன் மேல எனக்குக் கோபம்தான். மறைக்க மாட்டேன். உங்ககிட்ட பழகினவன், அப்படியா மிதிப்பான்? அன்னைக்கு மட்டும் நீங்க ஓட்டியிருந்தா நான் இங்க படுத்திருக்க மாட்டேன்."

அவர் எழுந்துவிட்டார். "டீ வாங்கிட்டு வரேன்" என்று ஏதோ சொல்லிக்கொண்டு நடந்தார். வார்டு வாசலைத் தாண்டும்போது வலது காலின் செருப்பு கழன்று அங்கேயே நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஈரத் தரையில் ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும், எதுவும் தெரியாமல் நடந்துகொண்டே போனார்.

"உங்க செருப்புங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

இதெல்லாம் மடிப்பு அக்காவின் கட்டிலிலிருந்து நேராகத் தெரிந்தது. அவள் இவள் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலேயே ஆயுசைக் கழித்தவள் அவள். மரத்துப்போன கால்களின் கட்டில்களுக்கு எத்தனை விரிப்பு மடித்துக் கொடுத்திருப்பாள்.

"அவர் காலுக்கு என்ன?" என்றாள்.

இவள் சொன்னாள். கஞ்சி கொட்டினதிலிருந்து, பிரேக்கை இறுக்கினது, கைமாற்றும்போது சொல்லாமல் விட்டது, அன்று ராத்திரி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தானும் நின்றது வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னாள். மடிப்பு அக்கா ஒரு தடவைகூட உம் கொட்டவில்லை.

முடிந்ததும், "அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"கஞ்சியை அங்க வச்சுட்டுப் போ. நாளையிலேர்ந்து வராதே."

அவர் வெளியே பெஞ்சில் இரண்டு செருப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்து நின்றதும், "டெப்போவுக்கு இப்ப எந்த வண்டி வரும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் வரை அவர் காத்திருக்கவில்லை. டெப்போவுக்குப் போகிற வழியிலேயே இருவரும் தம்பியையும் வரச் சொன்னார்கள். அதிகாரியின் அறையில் கிரீஸையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்து, அவரே எல்லாவற்றையும் சொன்னார். "ஆமாங்க, சொன்னாரு, இறுக்கினேன்" என்றான் கிரீஸ். அதிகாரி அவரை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் அவர் கால் விரல்களைத் தொட்டார். "சொல்லுங்க, எப்பத் தொடறேன்?" என்றார். அவர் கண்ணை மூடியபடி காத்திருந்தார். அதிகாரி தொட்டு முடித்து, பேனாவை மூடிவிட்டார். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

வெளியே ஷெட்டின் கீழே தம்பி நின்றான். மழை தகரத்தில் இரைந்தது.

"உனக்கு ஒண்ணும் ஆகாது இனிமே" என்றார் அவர்.

"கேட்டேன்ல மாமா." அவன் குரல் உயரவில்லை. "உங்க வீட்டுத் தரையில உட்கார்ந்து கேட்டேன். அவங்க ரத்தத்தோட உட்கார்ந்து கேட்டேன்."

"தம்பி..." என்றாள் அவள்.

"நீயும் அங்கதான் நின்னே."

அவன் மழையிலேயே இறங்கி நடந்தான்.

அவரை யார்டு வேலைக்குக்கூட எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தம்பிக்கு வேலை நிலைத்தது. வண்டியும் அவனுக்கே வந்தது, காலை ஷிப்டில். பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட வாரத்துக்கு ஒரு நாள் அவரைக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. இரண்டு பேரும் அதில்தான் ஏறுவார்கள். தம்பி கண்ணாடியில் பார்ப்பான். பார்த்துவிட்டுப் பார்வையை ரோட்டுக்கு எடுத்துக்கொள்வான். ஒரு வார்த்தை கிடையாது. சலவைக்கூடத்தில் மேஜையின் மறுபக்கம் இப்போது வேறொருத்தி நின்றாள். மடிப்பு அக்கா தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக அவளிடம்தான் இவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு காலை, வண்டியில் கூட்டம் நெரிந்தது. யாரும் இடம் கொடுக்கவில்லை. அவர் நடுவில் நின்றார். தரை எங்கே என்று கால் சொல்லாததால், இரண்டு கையாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கம்பக்கத்து ஆட்களின் தோளைப் பார்த்தபடி நின்றார். வண்டி போகிறதா, திரும்புகிறதா என்பதை அந்தத் தோள்களின் அசைவில்தான் அவர் தெரிந்துகொள்வார். ஜன்னல்கள் எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தன. அவள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. ஒரு தோளும் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அவள் பக்கம் குனிந்து, "நின்னுடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நின்னுடுச்சுங்க. வாங்க."

ஒவ்வொரு படியாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து அவர் இறங்கினார். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். கண்டக்டர் விசில் அடித்தார், மறுபடியும் அடித்தார். அவருடைய இரண்டாவது காலும் தரையில் ஊன்றிவிட்டதை அவள் பார்த்து, அவர் கையை விடுகிறவரைக்கும் வண்டி அசையவில்லை. பிறகு கதவு மூடிக்கொண்டது. அவள் டிரைவர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி நேராக ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.